இடிந்த வீட்டுக் கம்பியை நிமிர்த்தி லின்ரலுக்குப் போடலாமா? வளைந்த இடம் ஏன் முரண்டு பிடிக்கிறது?

விசுவமடுப் பட்டறை (கேள்வி)

வணக்கம். விசுவமடுவில் சின்னதாக ஓர் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். கேற், கிறில், லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டி ஒட்டுவது, மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பதம் போடுவது என்று வருகிற வேலை எல்லாம் செய்வேன். படிப்பு சாதாரண தரம் வரைதான். அதுவும் மூன்று பள்ளிக்கூடத்திலும் இரண்டு மரத்தடியிலும் படித்தது. ஆகவே பதில் எழுதுகிறவர்கள் கணக்கை அப்படியே கொட்டிவிடாமல் கொஞ்சம் உடைத்துச் சொல்லுங்கள்.

விடயம் இதுதான். பக்கத்து வளவு மாமி வீட்டின் பின்பக்கம் ஓர் அறையும் குசினியும் கட்டுகிறார். அவரிடம் பழைய கம்பி ஒரு குவியல் இருக்கிறது. மாமா 1987இல் கட்டிய வீடு 2009இல் இருந்த இடம் தெரியாமல் போனது. திரும்பி வந்த பிறகு, 2011இல், மாமாவும் மகனும் இரண்டு மாதமாகச் சம்மட்டி போட்டு, கொங்கிறீற்றை உடைத்து உருவிய கம்பி அது. பாலை மரத்தின் கீழ் கிடுகு போட்டு மூடி வைத்திருந்தார்கள். மாமா இப்போது இல்லை. "அந்த மனிசன் கையில் தோல் உரிந்து எடுத்த கம்பி, விற்க மாட்டேன், வீட்டுக்குள்ளேயே போகட்டும்" என்று மாமி சொல்லிவிட்டார். நான்கடி யன்னலுக்கும் கதவுக்கும் மேலே வரும் லின்ரலுக்கு அதைப் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறார்.

கம்பி இரண்டு வகை. ஒன்று வழுவழுப்பான உருண்டைக் கம்பி. மற்றது முறுக்குக் கம்பி, விளிம்பு திருகாணிபோலச் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டும் ஏறத்தாழ அரை அங்குலம். கொங்கிறீற் விழுந்தபோது மடிந்தவை. சில கொக்கிபோல, சில பாம்புபோல.

இரண்டு குழாய்த் துண்டைக் கம்பியின் இரு பக்கமும் மாட்டி நிமிர்த்தத் தொடங்கினேன். அங்கேதான் எனக்கு விளங்காத கதை தொடங்கியது. மடிந்த இடத்தை விரிக்கப் பார்த்தால் முதலில் ஒரு விரல் அளவு இலகுவாக வருகிறது. நல்லது என்று நினைத்து இன்னும் அழுத்தினால் சட்டென்று மறுக்கிறது. அதற்குப் பிறகு மடிந்த இடம் அப்படியே நிற்க, அதற்கு இரண்டு பக்கமும் உள்ள நேரான கம்பி எதிர்ப்பக்கம் வளைகிறது. கடைசியில் கம்பி பொதுவாக நேர்தான், ஆனால் நடுவில் ஒரு கூன். அந்தக் கூனைச் சம்மட்டியால் அடித்தாலும் முழுதாகப் போவதில்லை.

இன்னொன்று. பழைய கம்பியின் மேலே கறுப்பும் செம்மையுமாக ஒரு தோல் இருக்கிறதல்லவா, அது நேரான இடத்தில் ஒட்டிக்கொண்டே இருக்க, வளைகிற இடத்தில் மட்டும் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. எங்கே உதிர்கிறது என்று பார்த்தாலே எவ்வளவு தூரம் கம்பி "வேலை செய்தது" என்று சொல்லிவிடலாம். முறுக்குக் கம்பியோ கையை விட்டால் உருண்டைக் கம்பியைவிடக் கூடுதலாகத் துள்ளித் திரும்புகிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் பயப்படுத்தியது இதுதான். என்னிடம் கடையில் வாங்கிய புதிய உருண்டைக் கம்பித் துண்டு ஒன்று இருந்தது. அதை மடித்து நிமிர்த்தி, மடித்து நிமிர்த்தி மூன்று முறை பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதே தடிப்பில் மாமியின் கம்பி, முதல் தரம் நிமிர்த்தும்போதே டக்கென்று இரண்டாகிவிட்டது. முறிந்த முகம் சீனி கொட்டியதுபோல மினுங்கியது. குழாய் என் தாடையில் படாமல் போனது தப்பினேன் பிழைத்தேன்தான்.

உலையில் சிவக்கக் காய்ச்சினால் கம்பி வெண்ணெய்போல நிமிர்கிறது. அப்படியே எல்லாவற்றையும் காய்ச்சி நிமிர்த்திக் கொடுத்துவிடவா? அல்லது மாமியிடம் "வேண்டாம்" என்று சொல்லவா? சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். மாமி சும்மா விடுகிற ஆள் இல்லை.

முழங்காவில் மேசன்

தம்பி, இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. மீளக் குடியேறிய காலத்தில் சீமெந்துக்கே வரிசையில் நின்றோம், புதிய கம்பிக்கு யார் போனது? இடிந்ததில் எடுத்து நிமிர்த்திப் போட்டுக் கட்டிய சுவர்கள் இன்றைக்கும் நிற்கின்றன. நான் கட்டியதில் ஒன்றும் விழவில்லை. நெருப்புக் காட்டி நிமிர்த்து, மேலே தண்ணீர் ஊற்று, கட்டுக்கம்பியால் கட்டு, கொங்கிறீற் போடு. நான்கடி லின்ரல் என்ன ஆனையிறவுப் பாலமா?

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், கிளிநொச்சி

தம்பி, உங்கள் கேள்வியைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். முப்பது வருடம் உயர்தர வகுப்பில் யங்கின் மட்டைக் கற்பித்தேன். ஒரு மாணவனும் தோல் உதிர்வதைப் பார்த்து வந்து சொல்லவில்லை. பரீட்சைக் கம்பி எப்போதும் "மெல்லிய, சீரான" கம்பிதான். அதில் துருவும் இருக்காது, மாமியும் இருக்க மாட்டார்.

முதலில் ஒரு கம்பியை வளைக்காமல் நேரே இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மில்லிமீற்றர் உருண்டைக் கம்பியின் வெட்டுமுகம் 113 சதுர மில்லிமீற்றர். இழுக்கும் விசையை அந்தப் பரப்பால் பிரித்தால் வருவது தகைப்பு. கம்பி எவ்வளவு நீண்டது என்பதை முதல் நீளத்தால் பிரித்தால் வருவது விகாரம். சிறிய இழுவை வரை இரண்டும் ஒன்றோடொன்று விகிதமாகக் கூடும், விட்டால் கம்பி பழைய நீளத்துக்கே வரும். ரொபேட் ஹூக் 1676இல் இதை எழுத்துகளைக் குலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையை அவிழ்த்தார். பதம் போடுகிற பக்குவத்தைக் கொல்லர் தன் மகனுக்கு மட்டும் சொல்வதைப்போன்ற குணம்.

சாதாரண மென்னுருக்கு, அதாவது உங்கள் உருண்டைக் கம்பியின் இரும்பு, ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 250 நியூற்றன் வரை இந்த ஒழுங்கில் நிற்கும். உங்கள் கம்பிக்கு அது 28,000 நியூற்றன், கிட்டத்தட்ட 2,900 கிலோ. இரவில் நம் தோட்டத்தை மிதிக்க வருகிறதே பெண் யானை, அதன் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த யானை தொங்கினாலும் ஒரு மீற்றர்க் கம்பி நீள்வது 1.25 மில்லிமீற்றர்தான். யானை இறங்கினால் கம்பி முன்போலாகும். இன்னும் கொஞ்சம் எடை கூடினால் கம்பி இணங்கிவிடும்; பிறகு யானை இறங்கினாலும் முழுதாகத் திரும்பாது.

இனி வளைப்போம். வளைந்த கம்பியின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நெருக்கப்படுகிறது, நடுக்கோடு நீளம் மாறாமல் இருக்கிறது. வெளித்தோலின் விகாரம் எவ்வளவு என்றால், கம்பியின் அரைத் தடிப்பை வளைவின் ஆரத்தால் பிரித்தது. ஆறு மில்லிமீற்றரைப் பிரித்து 0.00125 வரவேண்டுமானால் ஆரம் 4.8 மீற்றர், ஏறக்குறைய பதினாறு அடி. ஆறு மீற்றர் விட்டமுள்ள பெரிய தோட்டக் கிணற்றுக்கும் ஆரம் மூன்று மீற்றர்தான். அதாவது அந்தக் கிணற்றுக் கட்டைச் சுற்றி மெதுவாக வளைத்தாலே உருண்டைக் கம்பியின் தோல் எல்லையைத் தாண்டிவிடும். மாமியின் கம்பி கொக்கியாக மடிந்திருக்கிறது. நடுக்கோட்டின் ஆரம் முப்பது மில்லிமீற்றர் என்று எடுத்தால் வெளித்தோல் இருபது வீதம் நீண்டிருக்கிறது. தாங்கும் எல்லையைப்போல 160 மடங்கு! மேலே இருக்கும் துருத்தோலுக்கு நீளத் தெரியாது. அது நொறுங்கி விழுகிறது. ஆகவே எங்கே உதிர்கிறதோ அங்கே உலோகம் நிரந்தரமாக நகர்ந்திருக்கிறது என்று நீங்கள் கண்டது முழுக்கச் சரி.

உலோகம் எப்படி நகர்கிறது என்பதில்தான் உங்கள் கூனுக்கு விடை இருக்கிறது. இரும்பின் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஓர் அடுக்கு முழுவதும் ஒரேயடியாக மற்றதன்மேல் வழுக்க வேண்டும் என்றால் எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வந்த விடை உண்மையான உலோகத்தின் பலத்தைப்போலப் பல நூறு மடங்கு. 1934இல் டெய்லர், ஒரோவன், பொலான்யி என்ற மூவர் தனித்தனியே ஒரே காரணத்தைச் சொன்னார்கள். அடுக்கு முழுவதும் ஒன்றாக நகர்வதில்லை. நெல் காயவிட்ட படங்கு மழையில் நனைந்து நிலத்தோடு ஒட்டிவிட்டால் என்ன செய்வோம்? ஓர் ஓரத்தில் பிடித்து முழுதாக இழுத்தால் அசையாது. ஒரு முனையில் சிறிய மடிப்பை எழுப்பி அந்த மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் படங்கு ஒரு சாண் நகர்ந்திருக்கும். உலோகத்துக்குள்ளும் இப்படிப்பட்ட மடிப்புகள்தான் ஓடுகின்றன. இதற்குச் சில புத்தகங்கள் "இடப்பெயர்வு" என்று எழுதுகின்றன. வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை வைத்து அணுக்களைக் கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் "பிசகு" என்றே சொன்னேன்.

வளைக்க வளைக்க புதிய பிசகுகள் பெருகும். பெருகப் பெருக ஒன்றின் வழியை மற்றது மறிக்கும். முல்லைத்தீவின் ஒடுங்கிய வட்டுவாகல் பாலத்தில் இரண்டு பக்கத்தாலும் வாகனம் நுழைந்துவிட்டால் என்ன நடக்கும்? முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. அந்த நெரிசல்தான் மடிந்த இடத்தின் கடினம். பக்கத்தில் உள்ள நேரான கம்பியில் பாலம் காலியாக இருக்கிறது. நீங்கள் குழாயால் அழுத்தும்போது எது இலகுவோ அது வளைகிறது. மடிந்த இடம் "நான் ஏற்கெனவே வளைந்தாயிற்று, அவனைக் கேள்" என்று விட்டுவிடுகிறது.

கையில் பார்க்க வேண்டுமென்றால் கட்டுக்கம்பி ஒரு சாண் எடுங்கள். ஓரிடத்தில் விரைவாக முன்னும் பின்னும் பத்து முறை மடித்து, உடனே அந்த இடத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள். சுடும். நீங்கள் செய்த வேலையின் பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது, மிச்சம் உள்ளே பிசகாகத் தங்குகிறது. தொடர்ந்து மடித்தால் தங்க இடமில்லாமல் வெடிப்பு விழும். மேசன் தம்பிக்கு இது தெரியும். கட்டுக்கம்பியை ஒரு சுற்றுக் கூடுதலாக முறுக்கினால் அறுந்துவிடும் என்று பொடியன்களை எத்தனை தரம் ஏசியிருப்பார்.

கடினமாவது வேறு, விறைப்பாவது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மென்னுருக்கானாலும் முறுக்குக் கம்பியானாலும், தகைப்பை விகாரத்தால் பிரித்தால் வரும் யங்கின் மட்டு ஏறத்தாழ ஒன்றுதான், சதுர மில்லிமீற்றருக்கு 2,00,000 நியூற்றன். எல்லைக்குள் இரண்டும் ஒரே அளவுதான் நீளும். முறுக்குக் கம்பிக்கு எல்லை மட்டும் தொலைவில் இருக்கிறது. எல்லை தொலைவில் இருப்பதால் திரும்பித் துள்ளுகிற பங்கும் கூட. உங்கள் கை அதைச் சரியாக உணர்ந்திருக்கிறது.

முறிந்த துண்டைப் பற்றி என்னைவிட வேலைத்தளம் கண்டவர்கள் சொல்லட்டும்.

உயர்தரம் 2ஆம் வருடம்

சேர், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். யூடியூப்பில் தமிழ்நாட்டு வகுப்புகளில் தகைவு, திரிபு, யங் குணகம் என்கிறார்கள். எங்கள் தகைப்பு, விகாரம், யங்கின் மட்டும் அதுதானா? எனக்கு "திரிபு" என்றதும் முறுக்குவது என்று நினைத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், கிளிநொச்சி

அதுவேதான் மகள். பரீட்சைத் தாளில் நம் சொல்லையே எழுதும்.

வவுனியாப் பொறியியலாளர்

அண்ணா, சேர் சொன்னதோடு ஒரு திருத்தம் சேர்க்கிறேன். சேர் கோபிக்கக் கூடாது.

நீங்கள் "முதலில் ஒரு விரல் அளவு இலகுவாக வருகிறது, பிறகு மறுக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். மடிந்த இடம் வெறுமனே கடினமாகிவிட்டது என்றால் தொடக்கத்திலேயே மறுக்க வேண்டுமே? 1880களில் ஜேர்மனியில் பவுஷிங்கர் என்ற பேராசிரியர் இதையே கண்டார். ஒரு பக்கம் இழுத்து எல்லை தாண்டிய உருக்கை எதிர்ப்பக்கம் நெருக்கினால், அது வழக்கத்தைவிட முந்தியே இணங்கத் தொடங்குகிறது. வட்டுவாகல் உவமையிலேயே சொன்னால், முன்னால் போக முடியாமல் நிற்கும் வாகனங்களுக்குப் பின்னால் கொஞ்ச இடம் இருக்கிறது. திரும்பச் சொன்னதும் அந்த இடம் வரை சட்டென்று பின்வாங்குகின்றன. பிறகு அங்கேயும் நெரிசல். உங்கள் ஒரு விரல் அளவு அதுதான்.

டக்கென்று முறிந்த கம்பி வேறு கதை. அது மடிந்தது 2009இல். நீங்கள் நிமிர்த்தியது இப்போது. இடையில் அது சும்மா கிடக்கவில்லை. உருக்கில் கரியும் நைதரசனும் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கின்றன. அந்த அணுக்கள் சிறியவை, சாதாரண வெப்பநிலையிலும் மெல்ல ஊர்ந்து பிசகுகளில் போய் அமர்ந்துகொள்கின்றன. அமர்ந்ததும் பிசகு பூட்டப்பட்டதுபோல ஆகிறது. கொற்றெல், பில்பி என்ற இருவர் 1949இல் இதை விளக்கினார்கள். மடித்தவுடன் நிமிர்த்தினால் தாங்குகிற கம்பி, மடித்து ஆறப்போட்டு நிமிர்த்தினால் முறிவது இதனால்தான். உங்கள் புதிய துண்டுக்கு ஆற நேரம் கொடுக்கவில்லை, அதுதான் மூன்று முறையும் தப்பியது. பழைய கம்பியில் துருக்குழிகளும் இருக்கும். குழியின் அடியில் தகைப்பு குவிகிறது, வெடிப்பு அங்கிருந்து தொடங்கும். முறிந்த முகம் சீனிபோல மினுங்கினால் இழுபட்டு நீளாமல் பிளந்திருக்கிறது என்று பொருள். நீண்டு அறுந்த கம்பி கழுத்துச் சிறுத்து, மங்கலாகக் கிண்ணம்போல இருக்கும்.

இனி நெருப்பு. உருண்டைக் கம்பியை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, சிவப்பிலேயே நிமிர்த்தி, மணலில் மெல்ல ஆறவிட்டால் நெரிசல் பெரும்பாலும் கலைந்துவிடும். மென்னுருக்கு மென்னுருக்காகவே திரும்பும். மேசன் அண்ணா சொன்னதுபோலத் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம். ஆனால் முறுக்குக் கம்பிக்கு நெருப்புக் காட்டவே காட்டாதீர்கள். அந்த விளிம்பு திருகாணிபோலச் சுற்றுகிறது என்றீர்கள் அல்லவா, தொழிற்சாலையில் குளிர் நிலையில் முறுக்கியதன் அடையாளம் அது. சேர் சொன்ன நெரிசலை வேண்டுமென்றே உண்டாக்கித்தான் அதற்குப் பலம் ஏற்றியிருக்கிறார்கள். காய்ச்சினால் முறுக்கு கண்ணுக்குத் தெரியும், பலம் போயிருக்கும். இப்போது கடையில் வாங்கும், ஆர்.பி. 500 என்று தரம் குறித்த விளிம்புக் கம்பியில் விளிம்பு நேராக ஓடும். பெரும்பாலும் அதன் பலம் தண்ணீரில் குளிர்த்திக் கடினமாக்கிய வெளித்தோலில் இருக்கிறது. அதற்கும் உலை ஆகாது.

அரைகுறையாகக் காய்ச்சுவது அதைவிடக் கேடு. உளிக்குப் பதம் பார்க்கும்போது நீலம் பூக்குமே, அந்த 200 முதல் 350 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் மென்னுருக்கை வளைத்தால் குளிரில் வளைப்பதைவிட இலகுவாக வெடிக்கும். பதினைந்து வருடத்தில் ஊர்ந்த அணுக்கள் அந்தச் சூட்டில் நீங்கள் வளைக்கும்போதே ஓடி வந்து பூட்டுகின்றன. சூடு காட்டினால் எதுவும் இளகும் என்று நினைத்துக் காஸ் விளக்கைப் பிடிக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

லின்ரலுக்கு வருவோம். கொங்கிறீற் நெருக்கத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்களவுதான் இழுவையைத் தாங்கும். லின்ரலின் அடிப்பக்கம் இழுபடுகிறது, அந்த இழுவை முழுவதும் கீழே போடும் கம்பிக்குத்தான். உங்கள் கூன் விழுந்த கம்பியை அங்கே போட்டால், சுமை வந்ததும் அது முதலில் தன் கூனை நேராக்கப் பார்க்கும். நேராகும்போது பக்கத்துக் கொங்கிறீற்றைத் தள்ளும். மெல்லிய மூடு கொங்கிறீற் பொருக்காகக் கழன்று விழும், கம்பி வெளியே தெரியும், பிறகு துரு. தடிப்பையும் அளந்து பாருங்கள். பன்னிரண்டு மில்லிமீற்றர் துருவைச் சுரண்டிய பின் பத்தாக இருந்தால் வெட்டுமுகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

மேசன் அண்ணா கட்டியவை நிற்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. சிறிய லின்ரலுக்கு மேல் செங்கல் தானாகவே வளைவுபோலச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும், கம்பிக்கு வரும் வேலை குறைவு. அன்று வேறு வழியும் இல்லை. இன்று நான்கடிக்கு மூன்று புதிய கம்பி வாங்கும் செலவு மாமியின் ஓட்டுச் செலவில் எத்தனையில் ஒரு பங்கு? என் பெயரில் கையெழுத்து வைக்கிற வேலை என்றால், ஒருமுறை மடிந்து பல வருடம் கிடந்து நிமிர்த்திய கம்பியைச் சுமை தாங்கும் இடத்தில் அனுமதிக்க மாட்டேன்.

முழங்காவில் மேசன்

தங்கச்சி சொல்வது சரிதான். தண்ணீர் ஊற்றுவது பழக்கம், காரணம் கேட்டால் எனக்கும் தெரியாது. ஆறவிட நேரமில்லாமல்தான் ஊற்றினோம். முறுக்குக் கம்பியையும் காய்ச்சியிருக்கிறோம், இப்போது அதைச் சொல்லி என்ன. ஆனால் சேர், கட்டுக்கம்பிக்குப் பொடியன்களை ஏசுவது உங்களுக்கு எப்படித் தெரியும்?

விசுவமடுப் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. பட்டறையில் சும்மா இருக்க முடியாமல் இரண்டு வேலை பார்த்தேன்.

கட்டுக்கம்பியை உதட்டில் வைத்தேன். சுட்டது. என் மகன் பிடுங்கி அவனும் வைத்தான், பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று ஒரு சுருள் கட்டுக்கம்பி முடிந்துவிட்டது. செலவைச் சேரின் கணக்கில் எழுதுகிறேன்.

மற்றது, மாமியின் கம்பியில் கூன் இல்லாத நேரான பகுதியில் ஒரு முழம் வெட்டி எடுத்து மடித்து உடனே நிமிர்த்தினேன். முறியவில்லை. மடிந்திருந்த பகுதியில் இருந்து எடுத்த இன்னொரு முழம், பாதி விரிந்ததும் வெளிப்பக்கம் குறுக்கே மயிர்க்கோடுபோல ஒரு வெடிப்புக் காட்டியது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அந்த இரண்டு துண்டையும் கொண்டுபோய் மாமியின் கையில் கொடுத்தேன். பிசகு, நைதரசன் ஒன்றும் சொல்லவில்லை. வெடிப்பை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப லின்ரலுக்குப் புதுசு வாங்கு. இது வீட்டை விட்டுப் போகக் கூடாது" என்றார்.

உருண்டைக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, மணலில் ஆறவிட்டு, குசினி யன்னலுக்கும் அறை யன்னலுக்கும் கிறிலாக ஒட்டிக்கொடுத்தேன். அதற்குக் குரங்கு வராமல் தடுப்பதைத் தவிர வேறு சுமை இல்லை. முறுக்குக் கம்பியை நெருப்புக் காட்டாமல், கூனோடேயே வெட்டி, பாகற்காய்ப் பந்தலுக்குக் காலாக நட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் அழகான கொக்கியாக மடிந்திருந்தது. அதை நிமிர்த்தவே இல்லை. கிணற்றடிப் பூவரசில் அடித்துவிட்டேன், மாமி வாளி கொளுவுகிறார்.

தங்கச்சி, போகிற போக்கில் இன்னொன்று. நேற்று ஒரு லான்ட்மாஸ்டர் பெட்டி கொளுவுகிற ஊசி வந்தது, விரல் தடிப்பு. மூன்று வருடம் நெல் ஏற்றி ஓடியிருக்கிறது, கூடுதல் சுமை ஒருநாளும் ஏற்றவில்லையாம். வெறும் பெட்டியோடு மாங்குளம் பக்கம் போகும்போது முறிந்திருக்கிறது. வளைவு துளியும் இல்லை. முறிந்த முகத்தில் பாதி வழுவழுப்பு, மட்டிச் சிப்பி ஓட்டில் இருப்பதுபோல அரைவட்டக் கோடுகள். மீதிப் பாதி சீனி. இதுவும் அந்த நைதரசன் வேலையா?

வவுனியாப் பொறியியலாளர்

இல்லை அண்ணா, இது களைப்பு. எல்லைக்குள் நிற்கும் சிறிய சுமைதான், ஆனால் ஒவ்வொரு குழியிலும் ஒரு தரம் இழுத்து ஒரு தரம் விட்டு, இலட்சக்கணக்கான தடவை. அந்தச் சிப்பிக் கோடுகள் வெடிப்பு ஓடியும் நின்றும் முன்னேறிய தடம். மீதம் இருந்த பாதி வெறும் பெட்டியைக்கூடத் தாங்கவில்லை. ரயில் அச்சுகள் இப்படி முறிந்தபோது வோலர் என்ற ஜேர்மனியர் 1850களிலும் 60களிலும் வருடக்கணக்காக அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி ஆராய்ந்த கதை இருக்கிறது, இந்த இழையில் அடங்காது. கோடுகள் எந்த மூலையில் இருந்து தொடங்குகின்றன என்று பார்த்து, அந்த முகத்தைப் படம் எடுத்துப் புதிய கேள்வியாகப் போடுங்கள். ஊசியில் அந்த இடத்தில் ஒட்டு வைத்த தழும்போ கூரான படியோ இருக்கிறதா என்றும் எழுதுங்கள். முறிந்த இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், கோடுகள் தேய்ந்துவிடும்.